பண்பாட்டுத் தூது – 9: வெளியுறவு மறுக்கப்பட்ட அரசின் வெளியுறவு

1800 அக்டோபர் 12ஆம் நாள் ஹைதராபாத் நிஜாம் அலி கானுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு, ஒரு நாட்டின் வாயைக் கட்டிப்போட்டது. கம்பெனிக்கு முன்கூட்டித் தெரிவித்து அதனோடு கலந்துபேசாமல், வேறு எந்த அரசோடும் நிஜாம் பேச்சுவார்த்தை தொடங்கவோ தொடரவோ கூடாது என்பது அதன் சாரம். தனி நாணயமும் தனி அஞ்சலும் வைத்திருந்த அரசு அது. 1941 கணக்கெடுப்பில் அங்கே வாழ்ந்தவர்கள் 1.6 கோடிப் பேர். அப்படிப்பட்ட அரசு, வெளிநாட்டு விவகாரம் எதுவானாலும் அரசவையில் ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடென்டின் வாசலில் நின்று பேச வேண்டியதாயிற்று. அடுத்த 148 ஆண்டுகளில் அது கண்டுபிடித்த வழிதான் இந்தப் பகுதியின் பொருள். தூதரை அனுப்ப முடியாத அரசு புத்தகம் அனுப்பியது; பள்ளிவாசலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பணம் அனுப்பியது; நாடிழந்த ஒரு கலீபாவின் மகளை மருமகளாகக் கொண்டுவந்தது.

பண்பாட்டை அரசியலுக்குப் பயன்படுத்துவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நிஜாம்களுக்கு முன் இங்கே ஆண்ட கோல்கொண்டாவின் இப்ராகிம் குதுப் ஷா (ஆட்சி 1550–1580) அரியணை ஏறும் முன் ஏழு ஆண்டுகள் விஜயநகரத்தில் அடைக்கலம் இருந்தவர். தெலுங்கின் சுவையை அங்கே அறிந்தவர், அரசரானபின் தெலுங்குக் கவிஞர்களைப் போற்றினார். அத்தங்கி கங்காதர கவி தம் காவியத்தை அவருக்கே காணிக்கையாக்கினார். பாரசீகம் பேசும் அரசவை ஒன்று தெலுங்கு நாட்டை ஆள்வதற்கு அந்தக் காணிக்கைகள் படைகளைவிடப் பெரிய துணை. வெளியே பார்த்தால், குதுப் ஷாகிகள் ஷியாக்கள் என்பதால் ஈரானின் சஃபவி அரசர்களின் பெயரை வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரையில் சேர்த்து ஓதச் செய்தனர். வட இந்தியாவிலிருந்து நெருக்கிய மொகலாயருக்கு எதிராக, ஈரான் எங்கள் பக்கம் என்று வாரந்தோறும் செய்த அறிவிப்பு அது. ஷாஜகான் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார். 1636இல் அப்துல்லா குதுப் ஷாவிடம் அவர் எழுதி வாங்கிய பணிவு முறியில், குத்பாவிலிருந்து ஈரான் ஷாவின் பெயரும் பன்னிரு இமாம்களின் பெயர்களும் நீக்கப்பட வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. ஓதும் உரையில் சில பெயர்கள் இடம்பெறுவதற்கு ஒரு பேரரசன் அவ்வளவு அஞ்சினான்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹைதராபாத்தில் போட்டி போட்டவர்கள் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும். நிஜாமின் படையில் பிரெஞ்சுத் தளபதி மிஷேல் ரேமோன் ஆயிரக்கணக்கான சிப்பாய்களைப் பழக்கினார். நகரத்து மக்கள் அவரை மூசா ராம் என்று அழைத்தார்கள். மூசாராம்பாக் என்ற பேட்டையின் பெயரில் அவர் இன்றும் இருக்கிறார். அவர் 1798 மார்ச்சில் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், கம்பெனியின் படையைத் தம் செலவில் வைத்துக்கொள்ளும் துணைப்படைத் திட்டத்தை நிஜாம் ஏற்றார். அக்டோபரில் பிரெஞ்சுப் படைப்பிரிவு ஆயுதம் களையப்பட்டது. கம்பெனியின் துணைப்படை பெரும்பாலும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தது. செகந்தராபாத்தின் பழைய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதை அந்தப் படையோடும் அதன் பின்னே வந்த கடைக்காரர், கணக்கர், கைவினைஞரோடும்தான் தொடங்குகிறது.

இந்த வெற்றியைப் பெற்றுத் தந்த ரெசிடென்ட் ஜேம்ஸ் அகிலீஸ் கிர்க்பாட்ரிக், சென்னையில் பிறந்த ஆங்கிலேயர். பாரசீகம் பேசுவார், ஹைதராபாத் உடை உடுத்துவார், ஹுக்கா புகைப்பார், அரசவை மரியாதைகளின் நுணுக்கம் தெரிந்து நடப்பார். நிஜாம் அவருக்கு ஹஷ்மத் ஜங் என்று பட்டம் கொடுத்தார். அரசவைப் பிரபுக் குடும்பத்துப் பெண்ணான கைருன்னிசாவை அவர் மணந்தது கல்கத்தாவில் பெரும் பிரச்சினையாகி, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி விசாரணை நடத்தும் அளவுக்குப் போனது. அந்த மணம் அன்பினால் நடந்தது. அரசியல் கணக்கில் அதை அடைப்பது நியாயமில்லை. ஆனால் அவருடைய நடை, உடை, மொழி எல்லாம் கம்பெனிக்கு அரசவையின் உள்கதவைத் திறந்தன என்பதும் உண்மை. 1800 உடன்படிக்கையில் கம்பெனியின் சார்பில் பேசியவர் அவரே.

அவர் எழுப்பிய கோட்டி ரெசிடென்சி மாளிகை எதிர்த்திசையில் பேசியது. வடிவமைத்தவர் சாமுவேல் ரஸ்ஸல் என்ற பொறியாளர். உயர்ந்த கொரிந்தியத் தூண்கள், வாசலில் கல் சிங்கங்கள், மேலே கம்பெனியின் சின்னம். செலவு நிஜாமின் கருவூலத்தினுடையது. முதலில் பெரிய தாளில் வரைபடத்தை நீட்டியபோது நிஜாம் மறுத்துவிட்டார் என்றும், அதே திட்டத்தைச் சிறிய அட்டையில் வரைந்து காட்டியதும் இசைந்தார் என்றும் ஒரு கதை உண்டு. தாளின் அளவு தம் நாட்டின் வரைபடத்தின் அளவை எட்டியது அவரை அச்சுறுத்தியதாம். கதை எவ்வளவு உண்மையோ, மூசி ஆற்றின் வடகரையில் எழுந்த அந்தத் தூண்கள் தென்கரையில் இருந்த அரண்மனைகளுக்குச் சொன்ன செய்தி ஐயமற்றது. கிர்க்பாட்ரிக் 1805 அக்டோபரில் கல்கத்தாவில் இறந்தார். அவருக்குப்பின் வந்த ரெசிடென்டுகளுக்கு உள்ளூர் உடையும் வேண்டியிருக்கவில்லை, மொழியின் நயமும் வேண்டியிருக்கவில்லை, தூண்களே போதுமாயின.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முழுதும் ஹைதராபாத்தின் ஒரே வெளியுறவுக் கோரிக்கை பெரார். பருத்தி விளையும் அந்தச் செழிப்பான பகுதியை, படைச் செலவுப் பாக்கி என்ற பெயரில் 1853இல் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு திவானாகப் பொறுப்பேற்ற முதலாம் சாலார் ஜங், 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயர் பக்கம் உறுதியாக நின்றவர். அந்த நன்றியைத் துணையாகக் கொண்டு 1876இல் அவர் ஐரோப்பா போனார். பாரிசில் விடுதிப் படிக்கட்டில் விழுந்து காயமுற்றார். அந்த நிலையிலேயே லண்டன் சேர்ந்தார். அரசி விக்டோரியா வரவேற்றார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. விருந்துகள், பாராட்டுரைகள், பத்திரிகைகளில் படங்கள். பெரார் மட்டும் கிடைக்கவில்லை. இங்கே ஒரு வழக்கம் உருவாவதைக் காணலாம்: ஹைதராபாத் மரியாதையைக் கொடுத்து உரிமையைக் கேட்கும், லண்டன் மரியாதையைத் திருப்பிக் கொடுத்து உரிமையை வைத்துக்கொள்ளும். 1902இல் கர்சன் பிரபு ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானிடமிருந்து ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய்க்குப் பெராரை நிரந்தரக் குத்தகையாகவே வாங்கிவிட்டார்.

ஆறாம் நிஜாம் காலத்தின் இரண்டு செயல்கள் பின்னால் வரப்போவதற்கு விதையாயின. அரசவைப் புகைப்படக்காரர் ராஜா தீன் தயாள் எடுத்த படங்கள் அழகிய ஆல்பங்களாகத் தொகுக்கப்பட்டு, வந்து போகும் வைஸ்ராய்களுக்கும் விருந்தினர்களுக்கும் சென்றன. அரண்மனை, வேட்டை, அணிவகுப்பு, பஞ்ச நிவாரணப் பணி என்று ஹைதராபாத் தன்னை எப்படிக் காட்ட விரும்பியதோ அப்படியே உலகம் பார்த்தது. மற்றொன்று கல்வி உதவித்தொகை. 1895இல் 16 வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போன சரோஜினி சட்டோபாத்யாயவுக்கு நிஜாம் அரசு உதவியது. அவர் சரோஜினி நாயுடுவாகி, லண்டன் இலக்கிய உலகத்துக்கு ஹைதராபாத்தின் கடைத்தெருக்களையும் பல்லக்குகளையும் ஆங்கிலக் கவிதையில் கொண்டுபோனார். எந்தத் தூதரும் செய்திருக்க முடியாத வேலை அது. பிறகு அவர் காங்கிரசின் தலைவரானதும் இதே கதையின் பகுதிதான். பண்பாட்டில் போட்ட பணம் போட்டவன் நினைத்த பக்கம் மட்டும் போவதில்லை.

1888இல் தொடங்கிய தாயிரத்துல் மஆரிப் என்ற பதிப்பகம், தமிழ் வாசகர்களுக்கு உ.வே. சாமிநாதையரின் பணியை நினைவூட்டும். சையத் ஹுசைன் பில்கிராமியும் மௌலானா அன்வாருல்லா கானும் அதை நிறுவினர். ஏடுகளில் கிடந்த பழைய அரபு நூல்களைத் தேடி, ஒப்புநோக்கி, அச்சிட்டு வெளியிடுவதே அதன் பணி. நபிமொழித் தொகுப்புகள், வரலாறு, வானியல், மருத்துவம், கணிதம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் வந்தன. ஃபிரிட்ஸ் கிரென்கோ போன்ற ஐரோப்பிய அரபு அறிஞர்கள் இதற்காகப் பதிப்பித்தனர்; இடைக்கால அறிஞர் அல்பிரூனி மணிகளைப் பற்றி எழுதிய நூல் அப்படி வந்தது. கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் லைடனிலும் ஓர் அறிஞர் நூலைத் திறந்தால் முகப்பில் “ஹைதராபாத் தக்கன்” என்ற அச்சு இருக்கும். ரெசிடென்டின் அனுமதி தேவைப்படாமல் எல்லைகளைக் கடந்த பெயர் அது. நிஜாம்களின் எல்லாச் செலவுகளிலும் இதுவே ஆகச் சிறந்தது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1911இல் பட்டத்துக்கு வந்தார். மூன்றே ஆண்டுகளில் உலகப் போர். இஸ்லாமிய உலகின் கலீபாவாக இருந்த துருக்கி சுல்தான் ஆங்கிலேயருக்கு எதிராக நின்றார். அந்த நேரத்தில் இந்திய முஸ்லிம்கள் ஆங்கில அரசுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று நிஜாம் அறிக்கை விட்டார். ஒரு முஸ்லிம் மன்னரின் சொல் லண்டனுக்கு அன்று பெரும் படைக்குச் சமம். பணமாகவும் கொடுத்தார், ஆங்கிலேய விமானப்படையின் 110ஆம் படைப்பிரிவு அவர் அளித்த விமானங்களால் ஹைதராபாத் என்ற பெயரைத் தாங்கியது. கைம்மாறாக 1918இல் ‘ஹிஸ் எக்ஸால்டட் ஹைனஸ்’ என்ற, வேறெந்த இந்திய மன்னருக்கும் இல்லாத விளிப்பு கிடைத்தது. ‘பிரிட்டிஷ் அரசின் நம்பிக்கைக்குரிய கூட்டாளி’ என்ற பட்டமும் சேர்ந்தது.

அந்தப் பட்டத்தை அவர் மெய்யென்றே எடுத்துக்கொண்டார். கூட்டாளி என்றால் சமமானவன் அல்லவா? 1923 முதல் பெராரைத் திருப்பிக் கேட்டு எழுதினார். உள்நாட்டு விஷயங்களில் தாம் ஆங்கில அரசுக்குச் சமம் என்றும் வாதிட்டார். 1926 மார்ச் 27 அன்று வைஸ்ராய் ரீடிங் பிரபு பதில் எழுதினார். இந்தியாவில் ஆங்கில மணிமுடியே மேலானது, எந்தச் சமஸ்தான மன்னரும் சமநிலையில் பேரம் பேச உரிமை கோர முடியாது என்று அந்தக் கடிதம் முடிவாகச் சொன்னது. சமஸ்தானங்களின் வரலாற்றில் அதைவிடக் கடுமையான கடிதம் அரிது.

அதற்குப்பின் வந்த ஆண்டுகளைப் பட்டியலிட்டுப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும். 1927இல் ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழ் ஹைதராபாத்திலிருந்து வெளிவரத் தொடங்கியது. அதே ஆண்டு சாந்திநிகேதனின் விசுவபாரதிக்கு இஸ்லாமியக் கல்விக்காக ஒரு லட்சம் ரூபாய். 1928இல் லண்டனில் பள்ளிவாசல் கட்ட 60,000 பவுண்டு. 1930இல் குர்ஆனின் ஆங்கில மொழியாக்கமும் அஜந்தா ஓவியத் தொகுதியின் முதல் பாகமும். 1931இல் நீஸ் நகரத் திருமணங்கள். 1932இல் புனேயின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் நடத்திவந்த மகாபாரதச் செம்பதிப்புக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் வீதம் 11 ஆண்டுகள். ரீடிங்கின் கடிதத்துக்கு முன்பும் கொடை இருந்தது. ஆனால் சட்டத்தின் கதவு அறைந்து மூடப்பட்ட பிறகுதான், அது உலகத்தை நோக்கி இவ்வளவு வேகமாக ஓடியது.

இந்தக் கொடைகளின் நடுவே நின்றவர் மர்மடியூக் பிக்தால் என்ற ஆங்கில நாவலாசிரியர். இஸ்லாத்தைத் தழுவியவர், பம்பாய் கிரானிக்கிள் இதழின் ஆசிரியராக இருந்தவர். 1925இல் ஹைதராபாத் வந்து சாதர்காட் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ இதழைத் தொடங்கி நடத்தினார். குர்ஆனை மொழிபெயர்க்க இரண்டு ஆண்டு முழுச் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. கெய்ரோ சென்று அறிஞர்களோடு விவாதித்துத் திருத்திய பிறகே வெளியிட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு முஸ்லிம் செய்த முதல் மொழியாக்கம் அது. இன்றும் அச்சில் இருக்கிறது. பிக்தால் விற்பனைப் பொருளல்ல, நிஜாம் வெறும் விளம்பரக்காரரும் அல்ல. உண்மையான பக்தியும் உண்மையான அரசியலும் ஒரே வேலையில் கலந்திருந்தன. இரண்டையும் பிரித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

விசுவபாரதியின் கொடையும் கவனிக்கத் தக்கது. அந்தப் பணத்தில் ஏற்பட்ட இஸ்லாமியக் கல்விப் பேராசிரியர் பதவிக்கு ஹங்கேரியிலிருந்து ஜூலியஸ் ஜெர்மானஸ் 1929இல் வந்தார். நிஜாம் பணம் கொடுக்க, தாகூர் அழைக்க, ஓர் ஐரோப்பியர் வங்காளத்தில் இஸ்லாத்தைக் கற்பித்தார். ஜெர்மானஸ் பின்னர் தாமே முஸ்லிமாகி மக்காவுக்குப் பயணம் போனார். தாகூர் 1933இல் ஹைதராபாத் வந்தபோது, பஞ்சாரா ஹில்ஸின் பாறைகள் நடுவே தங்கிக் கவிதையும் எழுதினார்.

அஜந்தா குகைகள் நிஜாமின் எல்லைக்குள் இருந்தன. முஸ்லிம் அரசின் ஆட்சியில் பௌத்த ஓவியங்கள். அதுவே ஹைதராபாத்தின் மிக அழகிய முகமாயிற்று. 1914இல் தொல்லியல் துறை தொடங்கியது. அதன் தலைவர் குலாம் யஸ்தானி, வாழ்நாளையே அந்தக் குகைகளுக்குக் கொடுத்தவர். 1920–22இல் இத்தாலியிலிருந்து லொரென்சோ செக்கோனியும் ஓர்சினி பிரபுவும் வரவழைக்கப்பட்டு ஓவியங்களைப் பாதுகாக்கும் வேலையில் இறங்கினர். அவர்கள் பூசிய அரக்கு வார்னிஷ் பின்னாளில் மஞ்சளித்துக் கறுத்து, அதை நீக்கவே பல பத்தாண்டு உழைப்பு தேவைப்பட்டது. நோக்கம் நல்லது, முறை பிழை. யஸ்தானியின் அஜந்தா நூல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக 1930 முதல் 1955 வரை நான்கு பாகங்களில் வந்தது. ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவா 1923இல் லண்டனில் அஜந்தா ஓவியங்களைப் பாலே நடனமாகவே ஆடிக் காட்டினார்.

எல்லாவற்றிலும் துணிச்சலானது திருமணத் தூது. 1924 மார்ச் 3 அன்று துருக்கிக் குடியரசு கலீபா பதவியை ஒழித்து, கடைசிக் கலீபா இரண்டாம் அப்துல் மஜீதை நாடுகடத்தியது. பிரான்சின் நீஸ் நகரில் பணமின்றி இருந்தவருக்கு நிஜாம் மாதம் 300 பவுண்டு ஓய்வூதியம் கொடுத்தார். கலீபா பதவியைக் காக்கப் போராடிய கிலாபத் இயக்கத்தின் தலைவர் சௌகத் அலி நடுவில் நின்று பேச, 1931 நவம்பர் 12 அன்று நீஸில் இரு திருமணங்கள் நடந்தன. நிஜாமின் மூத்த மகன் ஆசம் ஜா, கலீபாவின் ஒரே மகள் துர்ருஷேவாரை மணந்தார்; இளைய மகன் முவஸ்ஸம் ஜா, உஸ்மானிய இளவரசி நிலூஃபரை மணந்தார். மணமகள்களுக்கு வயது 17, 15. டிசம்பரில் அவர்கள் பம்பாய்க்கு வந்த ‘பில்ஸ்னா’ கப்பலிலேயே வட்டமேசை மாநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய காந்தியும் வந்தார்.

உலகின் பெருஞ்செல்வராகக் கருதப்பட்ட முஸ்லிம் மன்னரும் இஸ்லாத்தின் மிக உயர்ந்த பட்டத்தை ஏந்திய குடும்பமும் இணைந்தால், பிறக்கும் பேரன் யார்? இந்தக் கேள்வி அங்காராவிலும் டில்லியிலும் கவலை தந்தது. 1933இல் நீஸில் பிறந்த முகர்ரம் ஜா அந்தக் கேள்வியின் உருவம். கலீபா பட்டம் திரும்பி வரவில்லை. அப்துல் மஜீத் 1944 ஆகஸ்டில் பாரிசில் இறந்தார். ஔரங்காபாத்தை அடுத்த குல்தாபாத்தில் அவருக்காக எழுப்பிய கல்லறை மாடம் வெறுமையாகவே நின்றது. உடல் பத்து ஆண்டு பாரிஸ் பள்ளிவாசலில் காத்திருந்து 1954இல் மதீனாவில் அடக்கமாயிற்று. ஹைதராபாத்துக்குக் கிடைத்த பயன் வேறு. துர்ருஷேவாரும் நிலூஃபரும் பர்தாவை விட்டு வெளியே வந்து பெண் கல்விக்கும் மருத்துவத்துக்கும் முகமானார்கள். பணிப்பெண் ஒருத்தி பிரசவத்தில் இறந்தது நிலூஃபரை உலுக்கியது. அதன் விளைவாகப் பிறந்த ரெட் ஹில்ஸின் நிலூஃபர் மருத்துவமனையில் இன்றும் ஏழைத் தாய்மார்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

லண்டன் பள்ளிவாசலுக்கு 1937 ஜூன் 4 அன்று மேற்குக் கென்சிங்டனில் ஆசம் ஜா அடிக்கல் நாட்டினார். கட்டடம் எழவில்லை. ஆனால் கருத்தை ஆங்கில அரசே எடுத்துக்கொண்டது. 1940இல், ஜெர்மன் குண்டுகள் லண்டன்மேல் விழுந்துகொண்டிருந்தபோது, சர்ச்சிலின் அமைச்சரவை லண்டனில் பள்ளிவாசலுக்கான நிலம் வாங்க ஒரு லட்சம் பவுண்டு ஒதுக்கியது. அதற்கு முன்னின்றவர் லாயிட் பிரபு. 1934இல் தோன்றிய பிரிட்டிஷ் கவுன்சிலின் தலைவராக இருந்தவர். போர்க்காலத்தில் முஸ்லிம் நாடுகளின் நட்பு தேவை என்பது அவர்களின் கணக்கு. பிரான்ஸ் 1883இலேயே அலியான்ஸ் பிரான்சேஸைத் தொடங்கி மொழியை ஆயுதமாக்கியிருந்தது. ஆங்கிலேயர் அந்தப் பாதைக்கு அரை நூற்றாண்டு பிந்தி வந்தனர்.

பெரார் விஷயத்தில் 1936இல் ஓர் ஒப்பந்தம் வந்தது. பெரார்மீது நிஜாமின் இறைமை ஒப்புக்கொள்ளப்பட்டது. பட்டத்து இளவரசர் ‘பெரார் இளவரசர்’ ஆனார். ஆட்சி மட்டும் ஆங்கிலேயரிடமே தொடர்ந்தது. சாலார் ஜங் லண்டனில் பெற்றதும் இதுதான்: பெயர்.

வெளிநாட்டுக்குக் காட்டிய முகத்தில் நாட்டு மக்கள் எங்கே இருந்தார்கள்? நிஜாமின் குடிமக்களில் பாதிக்கு நெருங்கியவர்கள் தெலுங்கர். மராட்டியும் கன்னடமும் பேசியவர்கள் பெருந்தொகையினர். உருது பேசியவர்கள் சிறுபான்மை. 1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் இந்திய மொழி ஒன்றில் உயர்கல்வி தந்த பெரும் சாதனை. அறிவியலையும் மருத்துவத்தையும் உருதுவில் கொண்டுவர அதன் மொழிபெயர்ப்புத் துறை ஆற்றிய பணி, கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபட்ட தமிழர்களும் படிக்க வேண்டிய பாடம். ஆனால் அந்த இந்திய மொழி பெரும்பாலான மக்களின் மொழி அல்ல. தெலுங்கர்கள் தங்கள் மொழியை நூலகங்கள் வழியே காத்தார்கள். 1901இல் ஹைதராபாத்தில் தொடங்கிய ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் அதன் முதல் கோட்டை. தெலங்கானாவில் கவிஞர்களே இல்லை என்று ஒரு கருத்து அச்சேறியதும், சுரவரம் பிரதாப ரெட்டி 1934இல் 354 கவிஞர்களைத் திரட்டி ‘கோல்கொண்ட கவுல சஞ்சிக’ வெளியிட்டார். மகாபாரதப் பதிப்புக்குப் புனேயில் கொடுத்த அரசு, தன் வீட்டில் தெலுங்குக்கு அந்த மனதோடு கொடுக்கவில்லை. 1938இல் வந்தேமாதரம் பாடியதற்காக உஸ்மானியா மாணவர்கள் வெளியேற்றப்பட்டனர். பின்னாளில் இந்தியப் பிரதமரான பி.வி. நரசிம்ம ராவ் படிப்பைத் தொடர நாகபுரிக்குப் போக நேர்ந்தது அதனால்தான்.

1948இல் கணக்கு தீர்க்கப்பட்டது. இந்தியாவோடு இணைய மறுத்த நிஜாம் அரசு ஐக்கிய நாடுகள் சபைக்கு முறையிட்டது. மொயின் நவாஸ் ஜங் தலைமையிலான குழு பாரிஸ் சென்றது. செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை எல்லை கடந்தது. 16ஆம் தேதி பாதுகாப்புச் சபை முறையீட்டை எடுத்தது. 17ஆம் தேதி நிஜாம் பணிந்தார். சில நாட்களில் முறையீட்டையும் திரும்பப் பெற்றார். மக்காவில் ஹைதராபாத் யாத்ரிகர்களுக்குத் தங்குமிடம் இருந்தது, கெய்ரோ நூலகங்களில் ஹைதராபாத் பதிப்புகள் இருந்தன, லண்டன் செய்தித்தாள்களில் நிஜாமின் நகைகள் இருந்தன. துணைக்கு வந்த நாடு ஒன்றுமில்லை. அறிஞர்களிடமும் பக்தர்களிடமும் ஈட்டிய நற்பெயர் அமைச்சரவைகளில் வாக்காக மாறுவதில்லை. அதைவிட முதன்மையான காரணம், சொந்த மக்களில் பெரும்பாலோர் அந்த அரசின் பக்கம் இல்லை. நிஜாம் ஆட்சியை ஆதரித்த ஆயுதப் படையான ரஜாக்கர்களின் வன்முறை ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்தபோது, அஜந்தாவைக் காட்டி எந்த நாட்டை நம்பவைக்க முடியும்?

நிஜாமின் கருவிகள் வீணாகவில்லை, கை மாறின. மௌலானா ஆசாத் 1950இல் நிறுவிய இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகம் ‘தகாஃபத்துல் ஹிந்த்’ என்ற அரபு இதழை வெளியிட்டு அரபு உலகத்தோடு பேசியது. அல்பிரூனியின் வானியல் பெருநூலான ‘அல்கானூன் அல்மசூதி’யைத் தாயிரத்துல் மஆரிப் 1954–56இல் இந்தியக் கல்வி அமைச்சின் ஆதரவோடு வெளியிட்டது. நிஜாமிடம் அமைச்சராகவும் உஸ்மானியாவின் துணைவேந்தராகவும் இருந்த அலி யாவர் ஜங், சூயஸ் நெருக்கடியின்போது கெய்ரோவில் இந்தியத் தூதர். இரண்டு தலைமுறையாக ஹைதராபாத் பழகிவைத்திருந்த அரபு உலகம் நேருவின் இந்தியாவுக்குப் பயன்பட்டது.

அதே நேரத்தில் ஹைதராபாத் மற்ற வல்லரசுகளின் களமாயிற்று. 1958இல் மத்திய ஆங்கில நிறுவனம் ஃபோர்டு அறக்கட்டளை, பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு இங்கே தோன்றியது. இன்றைய ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் அதன் வளர்ச்சி. 1964இல் உஸ்மானியா வளாகத்தில் அமெரிக்க ஆய்வு மையம் வந்தது. பி.எல். 480 திட்டத்தில் இந்தியாவுக்கு விற்ற கோதுமைக்கு ரூபாயாக வந்த பணத்தை அமெரிக்கா இங்கேயே செலவிட வேண்டியிருந்தது. அதன் ஒரு பகுதி இத்தகைய கல்விப் பணிகளுக்குப் போயிற்று. அமெரிக்காவுக்கு வெளியே அமெரிக்கவியல் நூல்கள் இவ்வளவு சேர்ந்த இடம் அரிது. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர்கள் பலர் கோடை விடுமுறையில் அங்கே தங்கி ஆய்வேடு எழுதினர். எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தெலுங்கிலும் தமிழிலும் நூல்களை வந்த விலைக்கே அனுப்பியது. ரா. கிருஷ்ணையாவும் பூ. சோமசுந்தரமும் மொழிபெயர்த்த தல்ஸ்தோயும் லெர்மன்தவும் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வண்டிகளில் ஊர் ஊராகப் போனது பலருக்கு நினைவிருக்கும். சோவியத் ஒன்றியம் 1991இல் முடிந்தது. எதிரி போனதும் அமெரிக்கப் பணமும் குறைந்தது. நூலகம் மட்டும் உஸ்மானியாவில் தங்கிவிட்டது.

கிர்க்பாட்ரிக் எழுப்பிய ரெசிடென்சி 1949இல் பெண்கள் கல்லூரியானது. பல ஆண்டுகள் தூண்களில் செடி முளைத்து, கூரை ஒழுகி, பின்னர் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் உதவியோடு செப்பனிடப்பட்டது. 2022இல் கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. 2024இல் தெலங்கானா அரசு அதற்குச் சாகலி ஐலம்மாவின் பெயரை வைத்தது. நிஜாம் ஆட்சிக் காலத்தில் தன் நிலத்துக்காக ஜமீன்தாரை எதிர்த்து நின்ற வண்ணார் குலத்துப் பெண் அவர்.